அப்பிச்சியோட பொட்டி: பழைய கிரிக்கெட் கார்டு, டிக்கெட்டு, பேட்டு வித்த அனுபவம்

பழைய கிரிக்கெட் கார்டு, மேட்ச் டிக்கெட்டு, கையெழுத்து போட்ட பேட்டுன்னு ஒரு பொட்டி நெறைய உங்க ஊட்ல கெடந்துச்சுன்னா, எடுத்த ஒடனே யாருகிட்டயும் காட்டி "இது எவ்வளவுங்க போகும்"னு கேக்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னு நமக்கே தெரியாம விலை கேட்டா, வர்ற ஆளு சொல்றது தான் விலை. எங்கூட்டுப் பொட்டிய வித்து முடிச்சதுக்கப்பறம் ஒறம்பரைல, ஆபீஸ்லன்னு நாலஞ்சு பேரு இதையே கேட்டுட்டாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, கோயமுத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் பிட்டரா இருந்தவரு. சம்பளம் கம்மி தான், ஆனா கிரிக்கெட்டுக்கும் மோட்டார் ரேசுக்கும் மட்டும் மனுசன் எப்படியோ காசு பொரட்டிக்குவாரு. நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி மெட்ராஸ் போய் சேப்பாக்கத்துல டெஸ்ட் பாப்பாரு, மெட்ராஸுக்குப் பக்கத்துல சோழவரத்துல ரேஸ்னா தெரிஞ்ச கார் மெக்கானிக் செட்டோட தொத்திக்கிட்டுப் போயிருவாரு. போன எடத்துல இருந்து ஒரு துண்டு பேப்பரு கூட தூக்கிப் போட மாட்டாரு. வால்பாறை எஸ்டேட்ல இருந்த ஒரு வெள்ளைக்காரரு ஊருக்குக் கெளம்பறப்ப குடுத்துட்டுப் போன சிகரெட் கார்டு (சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வெச்சு வந்த படக் கார்டு) ஆல்பம் ஒண்ணு, பபிள்கம் கார்டு ஒரு கத்தை, கையெழுத்து பேட்டு ரெண்டு, பழைய ஸ்போர்ட்ஸ் பத்திரிகை, பொறவு எங்க மாமா பையன் 90கள்ல அமெரிக்காவுல படிச்சுட்டு வந்தப்ப கொண்டாந்த பேஸ்பால் கார்டு ரெண்டு பொட்டி. எல்லாம் அம்மிச்சி இருந்த வரைக்கும் அட்டாலில இருந்துச்சு. அவங்களும் போனதுக்கப்பறம் ஊட்ட வாடகைக்கு விடணும்னு எறக்குனோம்.

மாமா கரூர்ல பைனான்ஸ் வெச்சிருக்காரு, நான் திருப்பூர்ல கார்மெண்ட்ஸ் கம்பெனில மெர்ச்சன்டைசர். எங்க தொழிலு ரெண்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு தான் நெனச்சேன், ஆனா கடைசில கை கொடுத்தது ரெண்டு தொழிலோட சாமானும் தான், அதுக்கு அப்பறம் வர்றேன்.

மொதல்ல மாமாவுக்குத் தெரிஞ்சவரு மூலமா பழைய நாணயம், ஸ்டாம்பு வாங்கி விக்கற ஒருத்தரு வந்தாரு. மரியாதையான ஆளு, காபி குடிச்சுட்டு எல்லாத்தையும் ஒரு பொரட்டு பொரட்டுனாரு. "ஏனுங் தம்பி, இதெல்லாம் வெறும் பேப்பருங்க. பேட்டுக்குத் தான் கொஞ்சம் மதிப்பு. மொத்தமா 40,000 தர்றேன், இப்பவே வண்டில ஏத்திக்கறேன்"ன்னாரு. மாமா "ஒவ்வொண்ணா விலை சொல்லுங்களேன், பார்த்துக்கலாம்"னு கேட்டதுக்கு, "ஒவ்வொண்ணா பாத்தா கட்டாதுங்கண்ணா"ன்னு சொல்லிட்டாரு. நான் அவரு வாயப் பாக்கல, கையத் தான் பாத்துட்டு இருந்தேன். பேட்ட தூக்கிப் பாத்தாரு, வெச்சுட்டாரு, திரும்பத் தொடல. ஆனா "வெறும் பேப்பரு"ன்னு சொல்லிட்டே சோழவரம் ரேஸ் புத்தகங்க வெச்சிருந்த பைலுக்கு மட்டும் கை மூணு தடவ போயிருச்சு. வெலை பேசறவங்க எதப் பத்திப் பேசறாங்கங்கறத விட எதத் திரும்பத் திரும்பத் தொடறாங்கன்னு பாருங்க, பாதி விசயம் அங்கயே தெரிஞ்சுரும்.

அவரு மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. வியாபாரின்னா வாங்கி வெச்சு, ஆளு தேடி, வித்து, லாபம் பாக்கணும். மார்க்கெட் விலைல பாதி குடுத்தாலே நல்ல வியாபாரி தான். ஆனா "மொத்தமா"ங்கற வார்த்தைய மட்டும் கவனிங்க. இந்த மாதிரி பொட்டில பணம் எல்லா எடத்துலயும் சமமா பரவி இருக்காது, நாலஞ்சு உருப்படில தான் முக்காவாசி இருக்கும், மத்ததெல்லாம் அது கூட சேந்து போறது. அந்த நாலஞ்சு எதுன்னு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி மொத்தமா குடுத்துட்டம்னா, அதையும் சேத்து குப்பை விலைக்கு குடுத்த மாதிரி தான். "யோசிச்சு சொல்றோமுங்க"ன்னு அனுப்பிட்டோம்.

பொறவு ஒரு ஞாயித்துக்கெழமை நான், மாமா, சித்தி மூணு பேரும் ஒக்காந்து லிஸ்ட் எடுத்தோம். எக்செல்ல நம்பர் போட்டு, என்ன பொருளு, எந்த வருசம், மூலை மடிஞ்சிருக்கா, கறை இருக்கா, எழுத்து இருக்கா, அப்பிச்சிக்கு எப்படி வந்துச்சு, முன்னாடி ஒரு போட்டோ பின்னாடி ஒரு போட்டோ. போரடிக்கற வேலை, ஆனா இதுக்கு மேல எல்லாமே இந்த லிஸ்ட்ட வெச்சு தான் நடந்துச்சு. இன்னொண்ணு, விலை என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஆளுக்கு ஒரு பொருளு ஆசைக்கு எடுத்துக்கலாம்னு அம்மா சொல்லிட்டாங்க. சித்தி அப்பிச்சி ஸ்கோர் எழுதி வெச்ச டைரிய எடுத்துக்கிட்டாங்க, மாமா 1983 வேர்ல்டு கப் அட்டைப்படம் போட்ட பத்திரிகைய. விலை தெரிஞ்சதுக்கப்பறம் இத செஞ்சிருந்தா நெனச்சுப் பாருங்க, எங்க குடும்பத்துல பொங்கலுக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்திருக்க மாட்டாங்க.

லிஸ்ட் எடுக்கறப்ப சில சாமானுக்குத் தடா போட்டோம். ரப்பர் பேண்ட் கூடாது, செலோ டேப் கூடாது, துணி வெச்சு தொடைக்கக் கூடாது, மடிஞ்ச மூலைய இஸ்திரி போட்டு நிமித்தறேன்னு யாரும் கெளம்பக் கூடாது (சித்தி கெளம்புனாங்க). அந்துருண்டையும் வேண்டாம், அதோட ஆவி பிளாஸ்டிக்குக்கும் போட்டோவுக்கும் ஆகாது. கடைல விக்கற மலிவான பிவிசி கவரும் நாளாக நாளாகப் பிசுபிசுன்னு ஆகி கார்டுல ஒட்டிக்கும். கார்டுக்குன்னே பாலிப்ரோப்பிலீன் கவர் ஆன்லைன்ல கெடைக்குது, அதுல போட்டு, மேல டாப்லோடர்னு கெட்டியான ஒறை. ஒரு கார்டுக்கு சில ரூவா தான் ஆகும்.

இப்ப விலைக்கு வர்றேன். யூடியூப்ல போய் தேடுனா மொதல்ல கெடைக்கறது தலைய சுத்த வெக்கற கதைங்க தான். 1952ல டாப்ஸ் கம்பெனி விட்ட, மிக்கி மேன்டில்ங்கற பேஸ்பால் வீரரோட கார்டு 2022 ஆகஸ்ட்ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போச்சு, அது உண்மை தான். அதப் பாத்துட்டு மாமா பையன் அவனோட ரெண்டு பொட்டியையும் மடில தூக்கி வெச்சுக்கிட்டு எறக்கவே மாட்டேங்கறான். ஆனா மேன்டில் கார்டுக்கு அந்த விலை வந்ததுக்குக் காரணம் என்னன்னா, அந்தக் காலத்துப் பசங்க அத சைக்கிள் கம்பில சொருகி, சுண்டி வெளையாடி, அவங்கம்மாமாருங்க குப்பைல போட்டு, அவ்வளவு சுத்தமா மிச்சம் இருக்கறது ரொம்பக் கம்மி. இவனோடது 1989ல இருந்து 91 வரைக்கும் உள்ளது. அந்த சமயத்துல "கார்டு வாங்கி வெச்சா பணக்காரன் ஆகலாம்"னு அமெரிக்கா பூரா நம்பி பத்திரமா எடுத்து வெச்சாங்க, கம்பெனிக்காரங்களும் அடிச்சுத் தள்ளிட்டாங்க, அதனால இன்னைக்கு எல்லார்த்துகிட்டயும் புத்தம் புதுசா இருக்கு. அந்த வருசங்களுக்கு அங்க "ஜங்க் வேக்ஸ்" காலம்னே பேரு, குப்பைக் கார்டு காலம்னு வெச்சுக்கங்க. 1989ல அப்பர் டெக் கம்பெனி விட்ட கென் கிரிஃபி ஜூனியரோட கார்டு மாதிரி ஒண்ணு ரெண்டு மட்டும் கேக்கறாங்க, அதுவும் கண்டிசனப் பாத்துப் போடற மார்க், அதான் கிரேடு, பத்துக்குப் பத்து வந்தா தான் நல்ல காசு. பழசுங்கறது விலை ஆகாது, இல்லாமப் போனது தான் விலை ஆகும்.

விலை பாக்கறதுக்கு ஈபேல போட்டிருக்கற விலையப் பாக்காதீங்க, அது கேக்கறவனோட ஆசை. பில்டர்ல "சோல்டு ஐட்டம்ஸ்"னு ஒண்ணு இருக்கு, அத டிக் பண்ணுனா கடைசி 90 நாள்ல நெசமாவே வித்த விலை பச்சைக் கலர்ல வரும். அதுலயும் விலை மேல கோடு அடிச்சிருந்தா பேரம் பேசி கம்மியா போயிருக்குன்னு அர்த்தம், எவ்வளவுக்குன்னு ஈபே சொல்லாது, 130பாயின்ட்னு ஒரு சைட்டுல அந்த பேரம் முடிஞ்ச விலையும் தெரியும். அதே பொருளு, அதே வருசம், கிட்டத்தட்ட அதே கண்டிசன், இப்படி மூணு நாலு விற்பனை எடுத்து, எல்லாத்துலயும் எச்சா போனதையும் ரொம்பக் கம்மியா போனதையும் தள்ளிட்டு நடுவுல நின்னம்னா அது தான் விலை. நான் வேலைல பையருக்கு காஸ்டிங் ஷீட் போடறது இப்படித் தான்.

எங்க பொட்டிலயே பெரிய புள்ளின்னு நாங்க நெனச்சது ஒரு ரஞ்சித்சிங்ஜி கார்டு. 1896ல வில்ஸ் சிகரெட் கம்பெனி இங்கிலாந்துல 50 கிரிக்கெட் வீரர்கள் படம் போட்டு கார்டு விட்டுச்சு, அதுல அப்ப இங்கிலாந்துக்கு ஆடுன நம்மாளு ரஞ்சியும் ஒருத்தரு. அந்தக் கார்டு ஒண்ணு ஆல்பத்துக்குள்ள லூசா கெடந்துச்சு. மாமா ராத்திரியோட ராத்திரியா என்னைய கூப்பிட்டு "மாப்ளே, இதுல ஊடே கட்டலாம் போல இருக்குதடா"ங்கறாரு.

எனக்கு என்னமோ அந்தக் கார்டோட வெள்ளை ரொம்ப வெள்ளையா பட்டுச்சு. பேக்ல எப்பவும் பிக் கிளாஸ் கெடக்கும், துணில ஒரு இஞ்சுக்கு எத்தன எழை எத்தன ஊடைன்னு எண்ணுவோமே அது. அத கார்டு மேல வெச்சுப் பாத்தா, ரஞ்சியோட மூஞ்சி பூரா சின்னச் சின்னக் கலர் புள்ளி, நிட்டிங் துணில லூப் வரிசை நிக்கற மாதிரி ஒரே அளவுல, ஒரே சாய்வுல. 1896ல கல்லச்சுல, லித்தோகிராபில, ஒவ்வொரு கலரா அச்சடிச்சாங்க, அதுல புள்ளி இருந்தாலும் ஒழுங்கில்லாம திட்டுத் திட்டா தான் இருக்கும். இப்படி வரிசை கட்டுன நாலு கலர் புள்ளி இப்பத்த ஆப்செட் அச்சு. சந்தேகம் தீர மாமா ஆபீஸுக்குப் போய், கள்ளநோட்டு பாக்கற மிஷின்ல இருக்கற ஊதா லைட்டுக்குக் கீழ வெச்சோம். கூடவே ஆல்பத்துல இருந்து ஒரு 1938 கார்டு. ஷட்டர எறக்கி லைட்ட அணைச்சா, 1938 கார்டு மங்கலா செத்த மாதிரி கெடக்குது, ரஞ்சி மட்டும் நீலமா பளபளன்னு ஒளி வுடறாரு. பேப்பர வெள்ளையாக் காட்டறதுக்கு ஒரு கெமிக்கல் கலப்பாங்க, அது காகிதத்துல வந்ததே 1940கள் கடைசிக்கப்பறம் தான், அது இருந்தா இந்த லைட்டுல மின்னும். ஆக 1896 கார்டு மின்னுச்சுன்னா அது 1896 கார்டு இல்ல, பின்னாடி அடிச்ச ரீபிரிண்ட். மாமா சித்தெ நேரம் ஒண்ணும் பேசல. "சரி உடு, அப்பிச்சி ஏமாத்தி வாங்கியிருக்க மாட்டாரு, ஏமாந்து வாங்கியிருப்பாரு"ன்னாரு. அத ரீபிரிண்ட்டுன்னே எழுதி லிஸ்ட்ல போட்டோம். ஒண்ணு சொல்லிடறேன், மின்னாததெல்லாம் அசல்னு அர்த்தம் இல்ல, பழைய காகிதத்துல அடிச்ச டூப்ளிகேட்டும் இருக்கும். மின்னுனா போலி, அது மட்டும் தான் உறுதி.

அந்த 1938 ஆல்பம் அசல். ஜான் பிளேயர் அண்ட் சன்ஸ் விட்ட 50 கார்டு செட்டு, பிராட்மேன் எல்லாம் அதுல இருக்காரு. ஆனா அந்தக் கார்டுகளுக்குப் பின்னாடியே பசை இருக்கும், நாக்கால நனைச்சு கம்பெனி ஒரு பென்னிக்கு வித்த ஆல்பத்துல ஒட்டிக்கறதுக்கு, எஸ்டேட் தொரை எல்லாத்தையும் ஒழுங்கா ஒட்டிட்டாரு. ஒட்டுன கார்டுக்கு மதிப்பு எறங்கிரும், அதுவுமில்லாம அத கோடிக்கணக்குல அச்சடிச்சாங்க, இங்கிலாந்துல இன்னைக்கும் கொஞ்சப் பவுண்டுக்கே கெடைக்குது. 1940ல யுத்தத்துக்குப் பேப்பரு தட்டுப்பாடு வந்து சிகரெட் கார்டையே நிறுத்துனாங்க, அதுக்கு முன்னாடி வந்த 1930கள் செட்டு பெரும்பாலும் இதே கதி தான். பிராட்மேன ஒருத்தர மட்டும் தண்ணில நனைச்சு பிச்சு எடுக்கலாமான்னு மாமா பையன் கேட்டான். ஆல்பத்த ஆல்பமா விக்கறது தான் நல்லது, ஒரு பல்லு போன சீப்ப யாரு வாங்குவா.

நேர்மாறா, நாங்க குப்பைன்னு ஒதுக்குனதுல வந்துச்சு காசு. பிக் ஃபன் பபிள்கம் ஞாபகம் இருக்குங்களா? 80கள்ல பொறந்தவங்களுக்கு இருக்கும். கம்முக்குள்ள கிரிக்கெட் ஆட்டக்காரரு படம், பின்னாடி இத்தன ரன்னு, இத்தன விக்கெட்டுன்னு போட்டிருக்கும், சேத்து அனுப்புனா பக்கத்த வேகமாத் திருப்பிப் பாக்கற பிளிப் புக் குடுப்பாங்க. பசங்க அனுப்பிட்டாங்க, மிச்சத்த தொலைச்சுட்டாங்க, மூலை மடியாத கார்டு கெடைக்கறது கஷ்டம். அப்பிச்சி பேரன்களுக்கு வாங்கிக் குடுத்த கம்மோட கார்ட எல்லாம் பிடுங்கி கத்தையா கட்டி வெச்சிருந்தாரு, அப்ப எங்களுக்கெல்லாம் அவரு மேல பயங்கரக் கோவம். இதுக்கு வெளிநாட்டு மார்க்கெட் கெடையாது, இங்க நம்ம வயசுக்காரங்க தான், கைல நாலு காசு வந்ததும் சின்ன வயச வெல குடுத்து வாங்கறாங்க. பெங்களூர்ல ஒருத்தரு, ஹைதராபாத்துல ஒருத்தரு, போட்டி போட்டு எடுத்துக்கிட்டாங்க.

டிக்கெட்டுக்கு வர்றேன். 1986 செப்டம்பர் 18ல இருந்து 22 வரைக்கும் சேப்பாக்கத்துல நடந்த இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் டை ஆச்சு, டெஸ்ட் வரலாத்துலயே ரெண்டாவது டை, மொதலாவது 1960ல பிரிஸ்பேன்ல. டீன் ஜோன்ஸ் வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சாரே அதே மேட்ச். அப்பிச்சி அஞ்சு நாளும் பாத்திருக்காரு, கடைசி நாள் டிக்கெட்டும் இருக்கு. ஆனா மனுசன் அதோட அருமை தெரிஞ்சு, பத்திரமா இருக்கட்டும்னு, லேமினேசன் போட்டு வெச்சுட்டாரு. சூடு பண்ணி ஒட்டுன பிளாஸ்டிக்க உரிச்சா பேப்பரும் கூட வந்துரும், அதனால அப்படியே தான் விக்க முடிஞ்சுது, சென்னைக்காரரு ஒருத்தரு லேமினேசன் இல்லாம இருந்தா இன்னும் ரெண்டு மடங்கு தந்திருப்பேன்னு சொல்லி சொல்லியே வாங்குனாரு. நம்ம ஊர்ல பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல இருந்து பட்டா வரைக்கும் லேமினேசன் போட்டா தான் பத்திரம்னு ஒரு பழக்கம். சேகரிக்கறவங்க கண்ணுக்கு அது சேதாரம். அதே கட்டுல 1987 அக்டோபர் 9 வேர்ல்டு கப் மேட்ச் டிக்கெட்டும் இருந்துச்சு, நாம ஒரு ரன்னுல தோத்தது. இடைவேளைல ஒரு ஃபோர சிக்ஸுன்னு மாத்தி ஆஸ்திரேலியா ஸ்கோர 268ல இருந்து 270 ஆக்குனாங்க, கபில்தேவும் பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாரு, நாம எடுத்தது 269. அது லேமினேசன் இல்லாம சும்மா புத்தகத்துக்குள்ள கெடந்துச்சு, அதுக்கு கெடைச்ச விலை டை டிக்கெட்டு விலைக்குப் பக்கத்துலயே வந்துருச்சு.

பேட்டு ரெண்டும் ஏமாத்தம் தான். ஒண்ணுல இருந்த கையெழுத்துங்க பிக் கிளாஸ்ல பாத்தா பேனா அழுத்தமே இல்ல, கோடு மேல கோடு போற எடத்துல மை கெட்டியாவும் ஆகல, பூராவும் ஒரே சீரான அச்சு. அந்தக் காலத்துல ஸ்பான்சர் கம்பெனிங்க ஆயிரக்கணக்குல குடுத்த விளம்பர பேட்டு. இன்னொண்ணு அசல் மாதிரி தான் தெரியுது, ஆனா ஹால்ல ஜன்னலுக்கு நேரா மாட்டி வெச்சு மை பாதி வெளுத்துப் போச்சு, யாரு முன்னாடி எப்ப போட்டாங்கங்கறதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. "எங்க தாத்தா நேர்ல வாங்குனாரு"ங்கறத வாங்கறவன் காசாக்க மாட்டான். போட்டோ, கடுதாசி, அன்னைக்குத் தேதி போட்ட டைரிக் குறிப்பு, இப்படி எதாச்சும் கூட இருந்தா தான் பேச்சே. கையெழுத்துக்கு சர்டிபிகேட் குடுக்கற கம்பெனிங்க அமெரிக்காவுல இருக்கு, ஆனா பேட்ட அங்க அனுப்பற செலவுக்கு இங்க புது பேட்டு வாங்கிரலாம்.

கார்டு கிரேடிங்கும் அதே கணக்கு தான். பிஎஸ்ஏ, எஸ்ஜிசின்னு கம்பெனிங்க, கார்டு படம் நடுவுல இருக்கா, மூலை, ஓரம், மேல்பரப்பு எப்படி இருக்குன்னு பாத்து 1ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டு சீல் வெச்ச பிளாஸ்டிக்ல போட்டுத் தருவாங்க. மார்க் வந்துட்டா நம்பி வாங்குவாங்க, சண்டை கெடையாது. ஆனா இந்தியாவுல இருந்து அனுப்பற கூரியர், இன்சூரன்ஸ், அவங்க பீசு, திரும்பி வர்றப்ப கஸ்டம்ஸ் தொந்தரவு எல்லாம் கூட்டி, கார்டோட விலை அதுல மூணு மடங்காவது இல்லன்னா நான் அனுப்ப மாட்டேன். எங்க பொட்டில ஒண்ணு கூட தேறல.

கடைசியா சோழவரம் பைலு. யுத்த காலத்து விமான ஓடுதளத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பு ரேஸ் நடத்துனாங்க, 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும் அது தான் எல்லாம். கரிவரதன், விஜய் மல்லையா எல்லாம் ஓட்டுன எடம். அந்த ரேசோட நிகழ்ச்சி நிரல் புத்தகங்க, வெலாவாரியா காரு, ஓட்டறவரு, நம்பருன்னு. அப்பிச்சி ரெண்டு புத்தகம் தவிர ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல லேப் டைமும் யாரு எந்த எடத்துல முடிச்சாங்கன்னும், எஞ்சின் என்ன கோளாறுன்னு கூட, ஓரத்துல குட்டிக் குட்டியா எழுதியிருக்காரு, "கியர் பாக்ஸ் காலி", "பிளக் மாத்துனாங்க" இப்படி. கார்டு மேல ஒரு பென்சில் கோடு இருந்தாலே விலை எறங்குங்கறதால இதுவும் போச்சுன்னு நெனச்சோம்.

ஆனா கோயமுத்தூர்ல மோட்டார் ரேஸ் பைத்தியம் ஒரு பரம்பரை வியாதி. செட்டிபாளையத்துல கரிவரதன் பேர்ல டிராக் இருக்கு, 2005ல ஃபார்முலா ஒன்ல ஓட்டுன மொத இந்தியரு நரேன் கார்த்திகேயன் இந்த ஊரு. கார் டியூனிங் கராஜ் வெச்சிருக்கற ஒரு அண்ணன் கேள்விப்பட்டு ஊட்டுக்கே வந்துட்டாரு. புத்தகத்த விட பென்சில் எழுத்தத் தான் படிச்சாரு. "தம்பி, புக்கு தேடுனா கெடைக்குமுங்க, யாரு எதுனால நின்னாங்கன்னு இந்த எழுத்து எங்கயுமே கெடைக்காதுங்க"ன்னு சொல்லிட்டு, எழுத்து இல்லாத ரெண்டு புத்தகத்த திருப்பிக் குடுத்துட்டு, எழுதுனதுக்கு மட்டும் நாங்க கேட்ட விலைய பேரம் பேசாம குடுத்தாரு. மொத்தப் பொட்டிக்கு மொத ஆளு சொன்ன 40,000 இந்த ஒரு பைல்லயே தாண்டிருச்சு. எழுத்து கார்ட கெடுக்கும், ஆனா அந்த எடத்துல ஒக்காந்து எழுதுன எழுத்து நிகழ்ச்சி நிரலுக்கும் ஸ்கோர் கார்டுக்கும் மதிப்ப ஏத்தலாம், யாரு வாங்கறாங்கங்கறதப் பொறுத்து.

விக்கறதுல சில விசயம். ஈபே இந்தியா சைட்டு 2018லயே மூடிட்டாங்க, அதனால அங்க விக்கணும்னா ஏற்றுமதி கணக்கு தான், ஐஇசின்னு ஏற்றுமதி இறக்குமதிக்கான நம்பர் எடுக்கணும், எங்களுக்கு அது கட்டாது. 100 வருசத்துக்கு மேல பழசான கலைப்பொருளு எதாச்சும் இருந்தா வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்கு 1972 தொல்பொருள் சட்டம் குறுக்க வரும், ஏஎஸ்ஐ, அதான் மத்திய தொல்லியல் துறை கிட்ட கேக்காம பார்சல் போட்டுராதீங்க. உள்ளூர்ல பழைய பொருளு விக்கற ஆப்புல போட்ட ஒடனே "சார் நான் ராணுவத்துல இருக்கேன், க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும்"னு ஒரு ஆளு வருவான். பணம் வாங்கறதுக்கு பின் போட வேண்டியதே இல்லீங்க, பின் போட்டா நம்ம காசு தான் போகும். ஸ்கிரீன்ஷாட்ட நம்பாதீங்க, பேங்க்ல ஏறிருச்சான்னு பாத்துட்டு பொட்டிய ஒட்டுங்க. ஒட்டறதுன்னதும் தான், டாப்லோடர ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வெச்சு, அஞ்சு பிளை கார்ட்டன்ல ஆடாம அடைச்சு, பேக் பண்றத வீடியோ எடுத்துட்டு அனுப்புங்க. திருப்பூர்ல கார்ட்டனுக்கா பஞ்சம்.

பணத்த பேங்க் வழியாவே வாங்குனோம். ஒரே ஆளுகிட்ட 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது சட்டப்படி ஆகாது. வரிக்கு ஆடிட்டர் கேட்டது, அப்பிச்சி எப்ப வாங்குனாரு, எவ்வளவுக்குங்கறது தான், ஏன்னா வாரிசா வந்த பொருளுக்கு அவரு வாங்குன விலையும் அவரு வெச்சிருந்த காலமும் தான் கணக்குல வரும். டைரி அதுக்கும் ஒதவுச்சு. அம்மா, மாமா, சித்தி மூணு பேரும் லிஸ்ட்ட பாத்து கையெழுத்து போட்டு, மூணு பங்கா அக்கவுன்ட்ல போட்டாச்சு.

வெளுத்துப் போன பேட்ட எங்க பையன் வெளையாட எடுத்துக்கிட்டான். பேஸ்பால் பொட்டி ரெண்டும் இன்னும் கரூர்ல மாமா ஆபீஸ் பீரோ மேல தான் இருக்கு. கிரிஃபி கார்ட மட்டும் மாமா பையன் எடுத்துட்டுப் போயிட்டான், மிச்சம் யாருக்காச்சும் வேணும்னா வந்து எடுத்துக்கங்க, கூரியர்னா செலவு மட்டும் உங்களுது.